ஒன்பதாம் எண்

மைக்ரோபஸ் ஓட்டும் அப்துல் வதூத், தமியத்தாவில் இருக்கும் என் கம்ப்யூட்டர் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலே கத்தினான்.

"உஸ்தா ஷவ்கி! எஸ்பத் அல்-புர்ஜிலேர்ந்து இன்ஷிராஹ் உங்கள வரச் சொன்னா. கம்ப்யூட்டர் பெட்டி தானாப் பேசுதாம்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"அந்தப் பெட்டிதான் போனைப் புடிச்சு வச்சுக்குதாம். அவ என்ன செய்வா பாவம்! ஏறுங்க, முன் சீட்டு காலியா இருக்கு. உங்க வயித்துக்குப் பின்னாடி எடம் பத்தாது."

நைல் கடலில் விழும் இடத்தில் இருக்கும் ஊர் எஸ்பத் அல்-புர்ஜ். ஹுசூம் புயல் மூன்று நாளைக்கு முன்புதான் விட்டிருந்தது. தெருவெல்லாம் சேறு. படகுகள் கரையோடு கரையாக ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. படகு கட்டுகிற கொட்டகைகளில் வேலை நடக்கவில்லை. நனைந்த மரத்தூள் வாடை மட்டும் வந்தது.

இன்ஷிராஹ் வீட்டை ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான்கு மாடி. கீழே வலையும் கயிறும் ஐஸ் பெட்டிகளும். முதல் மாடியில் அலுவலகம். அதற்கு மேலே அவளும் அவள் தாய் ஹாஜ்ஜா பஹிய்யாவும். மூன்றாம் மாடியில் தம்பி ரிஃபாத்தும் அவன் மனைவி நக்லாவும். மொட்டை மாடியில் புறாக்கூண்டு. குடும்பத்துக்கு மூன்று படகுகள் இருந்தன. இப்போது இரண்டு.

மூன்றாவது படகு 'முபாரக்கா' ஜனவரிக் கடைசியில் போனது. படகுத் தலைவனுக்குக் கை முறிந்துவிட்டதால், அலுவலக நாற்காலியை விட்டு எழுந்திருக்காத ரிஃபாத் அவனுக்குப் பதிலாகப் போனான். மொத்தம் ஒன்பது பேர். புருல்லுஸுக்கு வடக்கே ரேடியோவில் அவன் குரல் ஒருமுறை கேட்டது. அதற்குப் பிறகு கரம் புயல். அது ஓய்ந்தபின் இரண்டு மீன் பெட்டியும் ஒரு மிதவை வளையமும் கரை ஒதுங்கின. மனிதர் யாரும் ஒதுங்கவில்லை.

நான் போனபோது மணி மூன்றரை. அஸர் தொழுகை முடிந்திருந்தது. மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை. படிக்கு ஒருத்தியாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கறுப்பு. ஒருத்தி மடியில் தட்டை வைத்து அரிசியில் கல் பொறுக்கினாள். ஒருத்தி வலைக்கண் முடிந்துகொண்டிருந்தாள். எட்டு பேர் என்று எண்ணினேன். படகில் போன மற்ற எட்டு பேரின் வீட்டுப் பெண்கள்.

எஞ்சின்காரன் மனைவி உம் ஹிலால் மேல்படியில் இருந்தாள். கனத்த பெண். மீன் ஏலத்தில் ஆண்களைக் கத்தியே அடக்கிவிடுவாள்.

"வா உஸ்தா. பெட்டியச் சாகடிக்க வந்தியா?"

"பழுது பாக்க வந்தேன்."

"பழுதா? எங்களுக்கு நல்லாத்தானே கேக்குது! ஏண்டி ஸபாஹ், உனக்கு ஏதாச்சும் பழுதாத் தெரியுதா?"

அரிசி பொறுக்கிய ஸபாஹ் தலை நிமிரவில்லை. "பொறுங்க அக்கா. நேரம் ஆகல இன்னும்," என்றாள்.

இன்ஷிராஹ் கதவைத் திறந்து என்னை இழுக்காத குறையாக உள்ளே விட்டாள். முக்காட்டுக்குள் பென்சில் செருகியிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"பாத்தீங்களா படியில? முதல்ல உம்மா மட்டுந்தான். பக்கத்து வீட்டுக்காரிகிட்ட வாய விட்டாங்க. இப்ப எட்டு வீடும் இங்க வந்து உக்காந்திருக்கு."

"என்ன ஆகுது?"

"தினம் நாலுக்கும் நாலரைக்கும் நடுவுல பெட்டி தானா போன் போடுது. நான் எதையும் தொடறதில்ல. ஆபீஸ்ல மூணு கம்ப்யூட்டரையும் அணைச்சே வச்சுப் பாத்தேன். அப்பவும் போடுது. போட்டுட்டு நாலு நிமிஷம் கழிச்சுத் தானே வைக்குது. உம்மா சொல்றாங்க, ரிஃபாத் கூப்பிடுறானாம்."

ஜன்னலோரம், மோடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அதில் ஹாஜ்ஜா பஹிய்யா. கையில் தஸ்பீஹ் மணி. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வா மகனே. சாப்பிட்டியா? சுட்ட சிங்காரி மீன் மிச்சம் இருக்கு. இவ சாப்பிடமாட்டேங்கறா. எலும்பா நிக்கறா பாரு."

"இப்பத்தான் சாப்பிட்டேன் ஹாஜ்ஜா."

"உன் வயிறே சொல்லுது." தஸ்பீஹ் ஒரு மணி நகர்ந்தது. "உனக்கும் அவனுக்கும் நல்ல பழக்கம். நீ சொல்லு. முதல்ல கூவுது. அப்புறம் காத்து அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். அதுக்கப்புறம் அவன் ஏதோ சொல்ல வர்றான். அதுக்குள்ள வெட்டிடுது. கொஞ்சம் வெட்டாம இருக்குற மாதிரி பண்ணித் தர முடியுமா?"

நான் இன்ஷிராஹைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

"பள்ளிவாசல் ஷேக் மஹ்ரூஸ் ரெண்டு தடவ வந்துட்டாரு," என்றாள் மெதுவாக. "உடல் இல்லாமலே காயிப் ஜனாஸா தொழுதுடலாம், ஒம்போது பேருக்கும் சேத்துன்னு. துறைமுகத்துல சாவுத் தாள் தயாரா இருக்கு. உம்மா கையெழுத்துப் போட்டாத்தான் மத்தவங்களும் போடுவாங்க."

"தினமும் கூப்பிடுறவனுக்கு ஜனாஸா தொழுவாங்களா?" என்றார் ஹாஜ்ஜா. கோபமே இல்லாத குரல்.

நான் அந்தப் பெட்டிக்கு, அதாவது சர்வருக்கு, முன்னால் உட்கார்ந்தேன். அதை அமைத்தது நானும் ரிஃபாத்தும்தான், இரண்டு வருடத்துக்கு முன்பு. வயர் இழுத்ததெல்லாம் அவன். அந்தப் பெட்டியின் வேலை சாதாரணமானது. அலுவலகத்துக்கு வரும் ஈமெயில் கடிதங்களை வாங்கி வைத்துக்கொள்ளும். வீட்டுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் எண்ணும் பெயரும் எழுதிய ஒரு பட்டியல் அதனிடம் உண்டு. அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றை அது தெரிந்துகொள்ள வேண்டுமானால், மோடத்தை எழுப்பி, போன் லைனைத் திறந்து, வெளியே இருக்கும் பெரிய சர்வர்களிடம் கேட்கும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் நான்கு நிமிடம் சும்மா இருந்தால் லைனை மூடிவிடும். அந்த நான்கு நிமிடத்தை வைத்ததும் நான்தான்.

ஆகவே யாரோ எதையோ கேட்கிறார்கள். யார் என்று தெரிந்தால் போதும். நடப்பதையெல்லாம் திரையில் வரி வரியாக எழுதும்படி செய்துவிட்டுக் காத்திருந்தேன்.

நாலு மணியானதும் படியில் பேச்சு நின்றது. அரிசித் தட்டின் சத்தமும் நின்றது. ஹாஜ்ஜா தஸ்பீஹை மடியில் வைத்து, நாற்காலியை மோடத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நாலு பதினேழுக்கு மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

ஆயிரம் தடவை கேட்ட சத்தம்தான். எண்களைத் தட்டுகிற ஓசை, இரண்டு கூவல், ஒரு இழுப்பு, பிறகு கூழாங்கல் கரையில் அலை திரும்புவது மாதிரி நீண்ட இரைச்சல். ஆனால் அந்த அறையில் அது வேறு மாதிரிக் கேட்டது. ஏனென்றால் கதவுக்கு வெளியே பெண்கள் பேச ஆரம்பித்திருந்தார்கள். ஒருவரோடொருவர் இல்லை. கதவைப் பார்த்து, தணிந்த குரலில், ஆளுக்கொரு பெயர்.

"ஜாபிர், நான்தான். சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டுருச்சு."

"ஹிலால் அப்பா, கேக்குதா? உங்க அண்ணன் எஞ்சினைக் கழட்டி வச்சிருக்காரு. நீங்க வந்து பாத்துக்கங்க."

"மஹ்ரான்... மஹ்ரான்..."

ஹாஜ்ஜா எதுவும் பேசவில்லை. காதை மட்டும் கொடுத்திருந்தார்.

திரையில் மூன்று வரிகள் வந்தன. கடிதப் பெட்டியைத் திறக்க ஒரு கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. அதன் எண் ஒன்பது. ஒன்பதின் பெயர் பட்டியலில் இல்லை, வெளியே கேட்கிறேன்.

வருகிறவரின் பெயரைக் கேட்டுக்கொண்டுதான் சர்வர் உள்ளே விடும். அது அதன் பழக்கம். இந்தப் பெட்டி இத்தனை நாளாக, உலகத்தில் இருக்கும் சர்வர்களிடமெல்லாம் 'இந்த ஒன்பது யார்?' என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. யாருக்குத் தெரியும்?

எனக்குத் தெரியும். ஒன்பது ரிஃபாத்தின் சொந்தக் கம்ப்யூட்டர்.

கரம் புயலில் மின்சாரம் எகிறி இந்தப் பெட்டியின் டிஸ்க் எரிந்தபோது, பிப்ரவரி முதல் தேதி வந்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றியது நான். பட்டியலையும் நானே எழுதினேன். ஒன்று முதல் எட்டு வரை எழுதி, ஒன்பதுக்கு வந்தபோது நிறுத்தினேன். இனி யார் அதில் உட்காரப்போகிறார்கள் என்று நினைத்தேன். படகு போய் ஆறு நாள்தான் ஆகியிருந்தது. ஊரே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவன் வரமாட்டான் என்று முதலில் முடிவு செய்தவன் நான்.

லைன் மூடியது. வெளியே யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அரிசித் தட்டு மறுபடி சத்தம் போட்டது.

"என்ன உஸ்தா? மூஞ்சி ஏன் வெளுத்துப்போச்சு?" என்றாள் இன்ஷிராஹ்.

அவளை வாசல் பக்கம் அழைத்துப்போய்க் கேட்டேன். "ரிஃபாத்தோட கம்ப்யூட்டர் எங்க?"

"மொட்ட மாடி ரூம்ல. பூட்டிக் கிடக்கு. ஏன்?"

"அது இப்ப ஓடிட்டு இருக்கு."

அவள் முக்காட்டிலிருந்து பென்சிலை எடுத்தாள், மறுபடி செருகினாள். "வாங்க," என்றாள்.

சுவரோரம் அவன் அடித்திருந்த சாம்பல் நிற வயரைப் பார்த்துக்கொண்டே ஏறினோம். மூன்றாம் மாடிக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது, உள்ளே ஆளில்லை. அதற்கு மேல் படி குறுகலாகி இருட்டாக இருந்தது. இன்ஷிராஹ் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க முன்னால போங்க உஸ்தா. என்னால முடியாது."

மொட்டை மாடியில் புறாக்கள் முனகிக்கொண்டிருந்தன. அறைக்கு வெளியே பூட்டு இல்லை. கதவுக்கு அடியில் நீல வெளிச்சம். உள்ளே நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. நான் இரண்டு முறை தட்டினேன்.

வெளிச்சம் ஆடியது. கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், ஒரு பெண் குரல் மூச்சுபோலக் கேட்டது:

"ரிஃபாத்?"

இன்ஷிராஹ் வாயைப் பொத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விலகியது. நக்லா நின்றாள். முகத்தில் இருந்த வெளிச்சம் எங்களைப் பார்த்ததும் வடிந்துபோனது. கல்யாணமாகி இரண்டு வருடம். இருபத்தாறு வயது. அவனுடைய தடித்த கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தாள்.

"நீயாடி?" என்றாள் இன்ஷிராஹ். "நீயா தினமும்?"

"நான் ஒண்ணும் தப்பு செய்யல மதினி. அவர் கடுதாசியப் பாக்குறேன். அவ்வளவுதான்."

"அதுல என்ன பாக்க இருக்கு?"

நக்லா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள். "அவர் உயிரோட இருக்காரு. நான் உங்ககிட்டச் சொல்லல. மாமிகிட்டயும் சொல்லல. சொன்னா கலைஞ்சிடுமோன்னு பயம். தினமும் புதுசாக் கடுதாசி வருது. நான் திறக்கறதுக்கு முன்னாலயே அது படிச்சதாக் காட்டுது. எங்கேர்ந்தோ அவர் படிக்கறாரு. ஏதாச்சும் ஒரு தீவுல, ஒரு துறைமுகத்துல... பதில் எழுத முடியல போல."

இன்ஷிராஹ் கதவு நிலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நக்லா. அதப் படிக்கறது நான். காலையில ஆபீஸ்ல. எஞ்சின் பார்ட்ஸ் கம்பெனி கடுதாசியெல்லாம் அவன் பேருக்குத்தான் வருது."

நக்லா திரும்பித் திரையைப் பார்த்தாள். "தினமுமா?"

"தினமும்."

"வெள்ளிக்கிழமையும்?"

"வெள்ளிக்கிழமையும்தான். தூக்கம் வராம கீழ வந்து உக்காருவேன்."

நான் அப்போதுதான் வாய் திறந்தேன். கீழே மோடம் கூவுவது ஏன் என்று சொன்னேன். அவள் இங்கே பெட்டியைத் திறக்கிற நேரத்தில் ஹாஜ்ஜா கீழே மோடத்துக்குப் பக்கத்தில் காது கொடுத்து உட்கார்ந்திருப்பதை, படியில் எட்டுப் பெண்கள் பேசுவதைச் சொன்னேன். பட்டியலில் ஒன்பதை விட்டது நான் என்பதையும் சொன்னேன்.

"படியில உக்காந்திருக்கறவங்க மாமிக்குத் துணையா வர்றாங்கன்னு நெனச்சேன்," என்றாள் நக்லா. அழவில்லை. கம்ப்யூட்டரை அணைத்தாள். அது முழுவதும் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, எங்களை விலக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

கீழே பெண்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நக்லா அலுவலக வாசலில் நின்று, மாமியாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அது நான்தான். மேல அவரோட கம்ப்யூட்டரை நான்தான் போடுறேன். அதனாலதான் கீழ சத்தம் வருது. வேற யாரும் கூப்பிடல."

யாருக்கும் முதலில் புரியவில்லை. அவள் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் முறை சொல்லும்போது குரல் உடைந்தது.

உம் ஹிலால்தான் முதலில் முன்னே வந்தாள். கை ஓங்கினாள். அடித்துவிடுவாள் என்றே நினைத்தேன். ஓங்கிய கையைத் தன் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டாள்.

"நாப்பது நாளு," என்றாள். "நாப்பது நாளா நான் அழுகைய அடக்கி வச்சிருக்கேன்டி. அழுதா அவரு காதுல விழுந்துடுமேன்னு. வாழ்ந்துட்டு இருக்கற மனுஷனுக்காக அழுறது அபசகுனம்னு. எங்க வீட்டுல உக்காந்து நிம்மதியா அழுதிருப்பேனே! ஏன்டி ஒரு வார்த்த சொல்லல?"

"கீழ சத்தம் வருதுன்னு எனக்கே தெரியாது அக்கா."

ஸபாஹ் கையிலிருந்த தட்டு சாய்ந்து, பொறுக்கிய அரிசி படிப்படியாகக் கொட்டியது. யாரும் அதை அள்ளக் குனியவில்லை.

ஹாஜ்ஜா பஹிய்யா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். மருமகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இத்தன நாளும் நீ மேல, நான் கீழ. ஒரே நேரத்துல உக்காந்திருந்தோம், இல்ல?"

"ஆமா மாமி."

"சாப்பிடாமலா உக்காந்திருந்த?"

நக்லா அவர் தோளில் விழுந்தாள். ஹாஜ்ஜா அவள் முதுகைத் தடவிக்கொண்டே மகளைப் பார்த்தார்.

"இன்ஷிராஹ், எல்லாருக்கும் காப்பி போடு. சர்க்கர போடாத."

எங்கள் பக்கம் சாவு வீட்டில்தான் சர்க்கரையில்லாக் காப்பி கொடுப்பார்கள். அந்த வார்த்தை படியில் ஒவ்வொருவராக இறங்கிப்போனது தெரிந்தது. பிறகு உம் ஹிலால் வாய்விட்டு அலறினாள். மற்ற ஏழு பேரும் சேர்ந்துகொண்டார்கள். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஆண்கள் தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்கள்.

நான் என் காப்பியை ஒரே மிடறில் குடித்துவிட்டு, ஒன்பதாம் எண்ணுக்கு நேராக ரிஃபாத் என்று எழுதிச் சேமித்தேன். இனி யார் அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் சர்வர் வெளியே கேட்காது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, முன்னால் உடல் எதுவும் இல்லாமல், ஒன்பது பெயரைச் சொல்லித் தொழுதோம். பள்ளிவாசல் கொள்ளாமல் தெருவிலும் பாய் விரித்தார்கள். சனிக்கிழமை துறைமுகத் தாளில் ஹாஜ்ஜா கையெழுத்துப் போட்டதாக இன்ஷிராஹ் போன் செய்து சொன்னாள். லைன் சுத்தமாக இருந்தது.

திங்கட்கிழமை எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கப் போனேன். படியில் யாரும் இல்லை. இன்ஷிராஹ் மீன் ஏலத்துக்குப் போயிருந்தாள். ஹாஜ்ஜா அதே நாற்காலியில் மத்தி மீனுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். வாசலில் நக்லா நின்றாள். கையில் ஒரு பை. தகப்பனார் வீட்டுக்குக் கொஞ்ச நாள் போகிறாளாம். வண்டி கீழே நிற்கிறது.

"உஸ்தா, ஒண்ணு கேக்கணும்," என்றாள். "ராத்திரியெல்லாம் அதையே யோசிச்சேன். ஹுசூம் அடிச்ச அந்தச் செவ்வாய்க்கிழமை, எங்க அத்தாவுக்குக் கண் ஆபரேஷன். நானும் மதினியும் காலையிலேயே தமியத்தாவுக்குப் போயிட்டோம். தண்ணி நின்னதால அங்கேயே தங்கிட்டோம். மேல் ரூம் சாவி என் பையிலதான் இருந்துச்சு. அன்னிக்குப் பெட்டி போன் போட்டிருக்காது, இல்ல? பாத்துச் சொல்லுங்க. மனசு கேக்கமாட்டேங்குது."

திரை என் பக்கம் திரும்பியிருந்தது. பழைய பதிவுகளைத் திறந்து செவ்வாய்க்கிழமைக்குப் போனேன்.

நாலு பதினேழு. எண் ஒன்பது வந்தது. பெயர் இல்லை. லைன் திறந்தது.

மூடிய நேரத்தைப் பார்த்தேன். மற்ற நாட்களில் எல்லாம் திறந்த நாலாவது நிமிடம். அன்று ஐந்து ஐம்பத்தெட்டு.

எந்தப் பழுது இப்படிச் செய்யும் என்று அவசர அவசரமாக யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. இன்று வரை அகப்படவில்லை.

"உஸ்தா?"

நான் திரும்புவதற்குள் ஹாஜ்ஜா பேசினார். மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இவன்கிட்ட என்னத்தக் கேக்கறே? வீட்டுல இருந்தது நான். அன்னிக்குப் பேய் மழை. படியில ஒருத்தியும் வரல. நான் இங்கதான் போர்வையப் போத்திட்டு உக்காந்திருந்தேன். பெட்டி வாயே திறக்கல."

நக்லா என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல," என்றேன். "செவ்வாய்க்கிழமை காலியாத்தான் இருக்கு."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். தோள் இறங்கியது. குனிந்து மாமியாரின் தலையில் முத்தமிட்டாள். மீன் நாறும் கையை முக்காட்டில் படாமல் விலக்கிப் பிடித்தபடி, ஹாஜ்ஜா அவள் கன்னத்தில் முத்தமிட்டார். "நல்லாச் சாப்பிடு. உங்க உம்மா வாத்து வறுத்தா எனக்கும் ஒரு துண்டு அனுப்பச் சொல்லு," என்றார். நக்லா படியிறங்கும் சத்தமும், வண்டிக் கதவு சாத்தும் சத்தமும், வண்டி சேற்றில் இழுத்துக்கொண்டு போகும் சத்தமும் கேட்டன.

ஹாஜ்ஜா ஒரு மீனைக் கிள்ளித் தட்டில் போட்டார். இன்னொன்றை எடுத்தார்.

"பொழுது சாஞ்சு மக்ரிப் பாங்கு சொல்ற வரைக்கும் திறந்தே இருந்துச்சு," என்றார். "நான் அவன்கிட்டச் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்டேன். அவ சின்னப் பொண்ணு. அவளுக்கு வேண்டாம். அழிச்சிடு மகனே."

நான் அந்த வரிகளை அழித்தேன்.